வீடு திரும்பிய பின் தொடரும் மருத்துவம்: மருந்துப் பட்டியலும் கைப்பேசியும்

கார்த்திகை மாதத்தின் ஒரு காலையில், எழுபது வயதைக் கடந்த உழவர் ஒருவரைப் புறநோயாளர் பிரிவுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தனர். முத்துப்பேட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். உதடும் நகக்கண்ணும் வெளுத்திருந்தன. மூன்று நாள்களாக மலம் தார் போலக் கறுத்துப் போவதாக மருமகள் கூறினார். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 5.8 கிராம் இருந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியுள்ளேன். குடும்பத்தாரின் இசைவுடனேயே இதனை எழுதுகிறேன்.)

ஐந்து மாதங்களுக்கு முன், ஆனி மாதத்தில், அவருக்குச் சிறிய அளவில் பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தனர். சிகிச்சை நல்ல முறையிலேயே நடந்திருக்கிறது. ஆறாம் நாள் வீடு திரும்பினார். மூளையின் இரத்தக் குழாயில் மீண்டும் உறைகட்டி அடைக்காதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்னும் இரண்டு மருந்துகளை எழுதிக் கொடுத்திருந்தனர். சிறிய பக்கவாதத்துக்குப் பின் முதல் 21 நாள்கள் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. அடுத்த பக்கவாதம் வரக்கூடிய ஆபத்து அந்த முதல் வாரங்களில்தான் மிகுதி. அதன் பின்னர் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் தொடர வேண்டும். இரண்டையும் நீட்டித்தால் பயன் குறைந்து, இரத்தக் கசிவின் ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

மருமகள் கொண்டு வந்த மஞ்சள் பையில் அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில், குளோபிடோக்ரெல் என்ற பெயருக்கு எதிரே, சிறிய எழுத்தில் ‘21 நாள்கள்’ என்று அச்சாகியிருந்தது. தவறு ஏதும் இல்லை. ஆனால் அந்த வரியை அவர்கள் வீட்டில் எவரும் படிக்கவில்லை; படித்துச் சொல்லவும் ஆளில்லை. மருந்து தீரும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரைகளை வாங்கி வந்துள்ளனர். இடையில் தோள்வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை வேறு. மூன்றும் சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கிவிட்டன.

“ஒரு வேளைகூடத் தவற விட்டதில்லை, டாக்டர்” என்றார் அந்த மருமகள். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நாற்று விட்ட நாளிலிருந்து எண்ணி, பறிக்கும் நாளைத் தவறாமல் சொல்லக்கூடிய குடும்பம் அது. எண்ண வேண்டிய ஒரு கணக்கு அவர்களிடம் இருக்கிறது என்பதை மட்டும் எவரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை.

அவருக்கு இரத்தம் ஏற்றி, தஞ்சாவூருக்கு அனுப்பி, உள்நோக்கிக் கருவி வழியே புண்ணுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. பிழைத்துக்கொண்டார். ஆயினும் இந்நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. தேவையான தகவல் அந்த மருத்துவமனையின் கணினியில் இருந்தது, தாளில் இருந்தது, மஞ்சள் பையிலும் இருந்தது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தவரிடம் மட்டும் இல்லை. இவ்விதழில் நான் பேச விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றியும், அதை அடைக்கக் கைப்பேசியும் கணினியும் எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பற்றியுமே.

முன்னெச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எவரும் இவ்விரு மருந்துகளில் ஒன்றைத் தாமே நிறுத்திவிட வேண்டா. இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் பலர் இவ்விரண்டையும் மாதக்கணக்கில், சிலர் ஓராண்டு வரையிலும், சேர்த்தே உட்கொள்ள வேண்டியிருக்கும். அவர்கள் இடையில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உங்களுக்குரிய நாள் எது என்று மருத்துவரைக் கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரின் நெடுநாள் பராமரிப்பு இல்லம்

மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் நோயாளிக்குத் தேவைப்படும் பராமரிப்பை மேலை நாடுகளில் தனித் துறையாகவே நடத்துகின்றனர். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், வீட்டுக்கு வரும் செவிலியர் நிறுவனங்கள், மறுவாழ்வு மருத்துவமனைகள், நெடுநாள் சிகிச்சை மருத்துவமனைகள் என நான்கு வகை அமைப்புகள் இதற்கென்று உள்ளன. 2009-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு, நோயாளியின் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கச் சட்டம் இயற்றியது. அந்தத் தொகை இந்நான்கு வகை அமைப்புகளுக்கும் கிடைக்கவில்லை. விளைவு என்ன? மருத்துவமனை கணினிமயமாயிற்று, அங்கிருந்து முதியவர் சென்று சேரும் இல்லமோ தாளையும் தொலைநகலையும் நம்பி நின்றது. இந்நால்வகை அமைப்புகளும் நோயாளியின் நிலையை ஒரே மாதிரியான வரையறையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 2014-இல்தான் வந்தது. செல்வம் மிக்க நாட்டிலும் தகவல் மருத்துவமனை வாசலோடு நின்றுபோனது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அங்கே நான்கு நிறுவனங்கள் செய்யும் வேலையை இங்கே ஒரு மருமகளோ, மகளோ, மனைவியோ செய்கிறார். உணவுக் குழாயில் கஞ்சி ஊற்றுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், இன்சுலின் போடுவதும், மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் அவரே. ஆண்பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகள் நம் பகுதியில் மிகுதி. ஆகவே நம் ஊரில் நெடுநாள் பராமரிப்பு என்பது கூடத்தில் போட்ட ஒரு கட்டிலும், அதனருகே இருக்கும் ஒரு பெண்ணும், அவர் கையிலுள்ள ஒரு கைப்பேசியும்தான். தகவல் தொழில்நுட்பம் பயன்பட வேண்டுமெனில் அந்தக் கட்டிலருகே பயன்பட வேண்டும்.

ஒரே பட்டியல்

நான் முதலில் கேட்பது செயலி எதையும் அன்று. ஒரு முழுத் தாளைத்தான். அதில் நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளும் தமிழில் இருக்க வேண்டும். மருந்தின் உட்பொருள் பெயர், கடையில் வழங்கும் பெயர், அளவு, வேளை, எதற்காக, தொடங்கிய நாள், நிறுத்தும் நாள். இவற்றுள் ‘எதற்காக’, ‘நிறுத்தும் நாள்’ என்னும் இரண்டு கட்டங்களும் பெரும்பாலான சீட்டுகளில் இருப்பதில்லை. எங்கள் மேல் தவறு உண்டு. நாங்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதிப் பழகிவிட்டோம். நீங்கள் கேட்டால் எழுதித் தருவது எங்கள் கடமை. கூச்சமின்றிக் கேளுங்கள்.

உட்பொருள் பெயரை ஏன் வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைத் தருகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது பெற்ற திட்டம் இது. என் நோயாளிகள் பலர் இதனால் மருந்து தவறாமல் இருக்கின்றனர்.

ஆனால் அரசு தரும் அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று உட்பொருள் பெயர் இருக்கும். தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்ததோ அதே அம்லோடிபின். அட்டையின் மேல் பெரிய எழுத்தில் வணிகப் பெயர், உட்பொருள் பெயர் அதன் கீழே சிறிதாக. வீட்டாருக்கு அவை இரண்டு வெவ்வேறு மாத்திரைகள். காலையில் அரசு மாத்திரை, இரவில் கடை மாத்திரை. கால் வீங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன்னார்வலர் தம் கைப்பேசியில் பதிவது அவர் தந்த மருந்தை. தனியார் மருத்துவரின் கணினியில் இருப்பது அவர் எழுதிய மருந்தை. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இரண்டையும் பார்ப்பவர் நீங்கள் மட்டுமே. ஆகவே அந்த ஒரே பட்டியலைத் தன்னார்வலரிடமும் காட்டுங்கள், எங்களிடமும் காட்டுங்கள், மருந்துக் கடையிலும் காட்டுங்கள். கடையில் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி உங்கள் கைக்கு வருமாறு கேட்டு வாங்குங்கள்.

பட்டியல் எழுதியாயிற்று. இனிக் கைப்பேசிக்கு வருவோம். ‘நிறுத்தும் நாள்’ கட்டத்திலுள்ள தேதியைக் கைப்பேசியின் நாள்காட்டியில் பதிந்து, மணி அடிக்குமாறு அமையுங்கள். “இன்று குளோபிடோக்ரெல் நிறுத்த வேண்டும், மருத்துவரைக் கேள்” என்று தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். தட்டச்சு வராவிடில் பேசிப் பதியலாம். ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள மென்பொருள் எதுவும் அந்த உழவருக்கு இதைவிட அதிகமாக உதவியிருக்காது.

அடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில், வரிசையாக, நிழல் விழாமல் படமெடுத்து வையுங்கள். முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவோரே மிகுதி. முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும் இருக்கும். எங்களுக்கு வேண்டியது மூன்றாம் பக்கம். ஆய்வகங்களும் ஸ்கேன் நிலையங்களும் இப்போது குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பை அனுப்புகின்றன. அந்த இணைப்பு சில நாள்களில் செயலிழந்து போகலாம். வந்த அன்றே திறந்து, கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் புண் உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை புண்ணைப் படமெடுப்பது மிகவும் பயன் தரும். அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே பகல் ஒளியில். “கொஞ்சம் ஆறியிருக்கிறது” என்று வாயால் சொல்வதற்கும், நான்கு வாரப் படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. புண்ணின் விளிம்பு கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ வாரம் முடியக் காத்திருக்க வேண்டா.

ஆபா எண் என்பது என்ன?

கருவுற்ற பெண்களுக்குப் பிக்மி எண் பதிவதை நம் ஊரில் அறியாதார் இல்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்பதால் மாமியார்களே நினைவூட்டி அழைத்துச் செல்கின்றனர். முதியவர்களுக்கு அதுபோன்ற ஓர் எண் வந்திருப்பது மட்டும் பலருக்குத் தெரியவில்லை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. அதன் கீழ் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் 14 இலக்க எண்ணே ‘ஆபா’ எண்.

இதைப் பற்றி இருவகையான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. எண் வாங்கிவிட்டால் பழைய மருத்துவக் குறிப்புகள் யாவும் தாமாகவே அதற்குள் வந்துவிடும் என்பது ஒன்று. வராது. குறிப்புகள் அந்தந்த மருத்துவமனை, ஆய்வகக் கணினியிலேயே இருக்கும். நீங்கள் அங்கே செல்லும்போது உங்கள் ஆபா எண்ணைக் கொடுத்து இணைத்திருந்தால், பிறகு வேறொரு மருத்துவர் கேட்கும்போது, உங்கள் இசைவின் பேரில் அக்குறிப்புகள் அவருக்குக் கிடைக்கும். இணைக்காத எண், முகவரி எழுதாத அஞ்சலட்டைக்குச் சமம். மேலும் எல்லா மருத்துவமனைகளும் இவ்வமைப்பில் இன்னும் சேரவில்லை. ஆகவே மஞ்சள் பையை அதற்குள் தூக்கி எறிந்துவிட வேண்டா.

மற்றொன்று, எண் வாங்கினால் நம் நோய் விவரத்தை அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் விரும்பியபோதெல்லாம் பார்க்கும் என்ற அச்சம். ஆபா கட்டாயமன்று, அது இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. யார், எந்தக் குறிப்பை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதை நீங்களே குறிப்பிடலாம். தந்த இசைவைத் திரும்பப் பெறவும் செய்யலாம். தனிநபர் விவரங்களைக் காப்பதற்கான சட்டமும் 2023-இல் இயற்றப்பட்டுள்ளது. எனினும் இசைவு கேட்கும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே விரலை வைத்துவிட்டால் எந்தச் சட்டமும் அதிகம் உதவாது. படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நடைமுறையில் நான் காணும் சிக்கல் வேறு. ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டே ஆபா எண்ணைப் பெரும்பாலும் உருவாக்குகின்றனர். முதியவரின் ஆதாரில் இருப்பதோ மகனின் பழைய எண். மகன் துபாய்க்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! கைரேகையைப் பதியலாம் என்றால், ஆண்டுக்கணக்கில் சேற்றிலும் கதிரிலும் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. ஆகவே நோயாளி நலமாக நடமாடும்போதே ஆதார் மையத்துக்கு அழைத்துச் சென்று, வீட்டில் உடனிருப்பவரின் நடப்பு எண்ணை அதில் பதிந்துவிடுங்கள். படுக்கையில் விழுந்த பின் இதைச் செய்வது எத்தனை கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

கஜா கற்பித்தது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நம் பகுதியில் கூரையும் போயிற்று, தென்னையும் போயிற்று. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அடுத்த நாள்களில் வந்த நோயாளிகளிடம் சீட்டு இல்லை. இருந்தாலும் நனைந்து மை கரைந்திருந்தது. “வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் அரை” என்று மாத்திரையின் நிறத்தைச் சொன்னார்கள். வெள்ளை மாத்திரைகள் எத்தனை நூறு இருக்கின்றன!

தாள் மட்டும் போதாது என்பதற்கும், கைப்பேசி மட்டும் போதாது என்பதற்கும் எனக்கு அதுவே சான்று. பட்டியலை நெகிழிஉறையில் இட்டு மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள். அதன் படம் கைப்பேசியில் இருக்கட்டும். மூன்றாவது பிரதி, புயல் எட்டாத ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இதற்கு மிகவும் பொருத்தமானவர். ஐப்பசி பிறக்கும்போது அந்தப் பிரதியைப் புதுப்பித்து அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இன்று பல வீடுகளில் உள்ளன. மேல் கையில் சுற்றும் பட்டை உடைய கருவியே நம்பத் தக்கது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி அமர்ந்த பின், கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். வாதம் தாக்கிய கையில் பார்க்க வேண்டா; மறு கையில் பாருங்கள்.

கருவியிலேயே பழைய அளவுகள் பதிவாகியிருக்கும். ஆகவே எழுதிய தாளுடன் கருவியையும் எடுத்து வரச் சொல்கிறேன். ஆனால் மின்கலம் மாற்றியபோது அதன் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடுவது உண்டு. எந்த அளவு எந்த நாளுடையது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். கணவன், மனைவி இருவரும் ஒரே சர்க்கரைக் கருவியைப் பயன்படுத்தும் வீடுகளில் குழப்பம் இன்னும் மிகுதி. ஒருமுறை, அம்மையாரின் 260-ஐ ஐயாவின் அளவென்று கொண்டு அவருக்கு இன்சுலினை உயர்த்த இருந்தேன். நல்லவேளையாக, “அது எனக்குப் பார்த்தது” என்று அம்மையார் அருகிலிருந்து சொன்னார். யாருக்குப் பார்த்தது என்று அருகில் ஓர் எழுத்தாவது குறித்து வையுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் எழுதுவது பிறகு. சர்க்கரைத் தண்ணீரை முதலில் கொடுங்கள், விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கைப்பேசி வேண்டாத நேரம்

தொலைவிலிருந்தே மருத்துவரைக் கேட்பதற்கு நம் நாட்டில் 2020 மார்ச் 25 அன்று முறையான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி சேவை வழியே கட்டணமின்றி மருத்துவரைக் காணொளியில் காணலாம். மருந்து தொடர்வதா, அளவை மாற்றுவதா, பரிசோதனை முடிவு சரியா என்பன போன்றவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. நடக்க இயலாத முதியவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் வேதனை மிச்சமாகும்.

ஆனால் சில நேரங்களில் கைப்பேசியே எதிரியாகிவிடுகிறது. பக்கவாதம் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரலாம். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தொங்குதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் திடீரெனத் தோன்றினால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. இந்நிலையில், கோணிய வாயைக் காணொளி எடுத்து வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் வேலை முடிந்து பார்த்துப் பதில் சொல்லும் வரை காத்திருந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அந்த மகன்களின் துயரத்தையும் கண்டிருக்கிறேன். முதலில் 108. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; பட்டியலை உடன் எடுத்துச் செல்லுங்கள். மகனிடம் வண்டியில் ஏறிய பின் பேசலாம்.

இன்னொன்று. பெற்றோரின் பரிசோதனை முடிவையும் புண்ணின் படத்தையும் முப்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் போடுவதைத் தவிருங்கள். நோய்வாய்ப்பட்டவருக்கும் மானம் உண்டு; பேச இயலாதவருக்குக் கூடுதலாகவே உண்டு. தேவைப்படும் ஓரிருவருக்குத் தனியே அனுப்புங்கள். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகக் கூறி எவரேனும் தொலைபேசியில் கடவுச்சொல் எண்ணைக் கேட்டால் சொல்லாதீர்கள். பதிவு செய்யும் மேசையின் முன் நீங்கள் நேரில் நிற்கும்போது மட்டுமே அது தேவைப்படும்.

தொடக்கத்தில் சொன்ன உழவர் இப்போது கோலூன்றி வாய்க்கால் வரை நடக்கிறார். ஒரே ஒரு மருந்துதான் உறைவைத் தடுக்க. தோள்வலிக்கு மாத்திரை இல்லை, பயிற்சி மட்டும். பட்டியல் மருமகளின் கையெழுத்தில் இருக்கிறது. அதன் படம் சிங்கப்பூரில் மகனிடம் இருக்கிறது. சென்ற மாதம் வந்தபோது நான் புதிதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு உடனே எழவில்லை. தம் தாளையும் என் சீட்டையும் அருகருகே வைத்து, கைப்பேசியில் மாத்திரை அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“டாக்டர், நீங்க இப்ப எழுதினதும், வீட்டில் இருக்கிற இந்த வயிற்று மாத்திரையும் ஒரே மருந்துதானே? ரெண்டுலயும் பாண்டோபிரசோல்னு போட்டிருக்கு.”

ஒரே மருந்துதான். வணிகப் பெயர் வேறாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. என் சீட்டில் அந்த வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.